பாய் பின்னுகிறவர்

1949 ஜனவரியில் நாராவை அடுத்த ஹொர்யூஜி கோயிலின் பொன்மண்டபத்தில் தீப்பிடித்து, பழம்பெரும் சுவரோவியங்கள் கருகிப்போயின. ஜப்பான் அதிர்ந்தது. மறு ஆண்டே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோயில், சிலை, ஓவியத்தோடு கைத்திறனையும் அந்தச் சட்டம் காக்க முன்வந்தது. கைத்திறன் போன்ற தொட்டுணர முடியாத மரபுக்கான யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு 53 ஆண்டுகள் முன்பே இது நடந்தது.

சட்டம் பட்டறைக்குள் எப்படி நுழைகிறது என்பதை ஷிமானே மாகாணத்தின் செகிஷு-பன்ஷி காகிதத்தில் பார்க்கலாம். 1969-ல் அரசு அங்கீகரித்தது காகிதத்தை அல்ல, அதைச் செய்யும் முறையை. கோசோ செடியின் நார் மட்டுமே சேர வேண்டும், ரசாயனத்தால் வெளுக்கக் கூடாது என்று நிபந்தனைகளும் உண்டு. தொழில் தெரிந்தவர்களைக் கேட்காமல் இப்படி எழுதிவிட முடியாது.

கோசோப் பட்டையின் கருந்தோலைச் சுரண்டும்போது செகிஷுக்காரர் அடியிலுள்ள பச்சைப் படலத்தை விட்டுவைப்பார். தாளின் உறுதி அதில்தான் இருக்கிறது. தொட்டியில் நாரோடு தொரோரோ-அவோய் வேரின் கொழகொழச் சாறும் கலந்திருக்கும். அந்தச் செடி வெண்டைக்கு உறவு. மூங்கில் பாய் பொருத்திய சட்டத்தால் கூழை அள்ளி, வேகமாகப் பரப்பி, முன்னும் பின்னும் ஆட்டி, மிஞ்சிய நீரை வீசிக் கொட்டுவார். ஈரத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும், அந்தச் சாற்றின் தயவால் பின்னர் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்.

அந்தப் பாய்தான் விஷயமே. மெல்லிய மூங்கில் ஈர்க்குகளைப் பட்டு நூலால் கோத்துப் பின்னுவது தனித் தொழில். பின்னுகிறவர் இல்லாமல் போனால், எத்தனை பெரிய காகிதக் கலைஞரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

1975-ல் சட்டத்தைத் திருத்தி, கருவி செய்வோர், மூலப்பொருள் தருவோர் ஆகியோரின் நுட்பங்களையும் காக்கத் தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். காகிதக் கருவி செய்வோரின் சங்கமும் அதில் இடம்பெற்றது. மரபுக் கொள்கை என்று பேசும் எந்த நாடும் முதலில் படிக்க வேண்டியது இந்தத் திருத்தத்தைத்தான். மேடையில் நிற்பவருக்கு விருது கொடுப்பது எளிது. அவர் கையிலுள்ள கருவியைச் செய்தவரைத் தேடிப்போக ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

செகிஷு-பன்ஷி 2009-ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது; 2014-ல் மினோ, ஹொசோகவா காகிதங்களும் அதனுடன் சேர்ந்தன. தொரோரோ-அவோய் பயிரிடும் விவசாயிகளுக்கோ வயதாகிவிட்டது. களையெடுப்பு உட்பட பெரும்பாலும் கைவேலை. நட வரும் இளைஞர்கள் குறைவு. காகிதச் சங்கங்கள் இப்போது வயலைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது.