துக்க வீட்டின் மாவுப் பானை

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 17:8–24



திருவருகைக் காலம் நெருங்கிவிட்டது. உங்களில் பலருடைய இல்லங்களில் இந்த வாரம் பலகாரப் பேச்சு தொடங்கியிருக்கும். மைதா எத்தனை கிலோ வாங்குவது, அச்சு முறுக்குக்கு அரிசியை என்றைக்கு ஊறவைப்பது, வெளியூரிலுள்ள பிள்ளைகள் வந்தபின் செய்வதா, வருமுன் செய்து வைப்பதா என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் சில இல்லங்களில் அந்தப் பேச்சு எழவில்லை என்பதை நான் அறிவேன். இந்த ஆண்டில் அவ்வீடுகளில் மரணம் நேர்ந்திருக்கிறது. "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லைங்க ஐயா" என்று ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். துக்க வருடத்தில் பலகாரம் செய்யலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்த வாரத் தியானத்தை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை என்ற வழக்கம் வேத வாக்கியத்தில் கட்டளையாக இல்லை. ஆகிலும் அதை அறியாமை என்று ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. அந்த வழக்கத்திற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. துயருற்றவர்கள் சிரித்த முகத்தோடு விருந்தினரை உபசரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது ஒரு பக்கம். அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரும் உறவினரும் பலகாரம் கொண்டுவர வேண்டும் என்பது மறுபக்கம். முதல் பக்கத்தை நாம் இன்றும் கவனமாகக் கைக்கொள்ளுகிறோம். இரண்டாவது பக்கம் மெல்ல மெல்ல மறைந்துவருகிறது. அது மறைந்துபோனால் துக்க வீடு வெறுமனே அடைத்த வீடாகிவிடும்.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்கள் வீடு ரமணாசிரமத்திற்கு அருகே, செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மலையைச் சுற்றுகிறவர்களின் காலடி ஓசையும் மயில்களின் அகவலும் கேட்கும் தெரு அது. எங்கள் பகுதிக்குப் பெயர் தந்த ஆசிரமமே ஒரு தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். ரமணரின் தாயார் அழகம்மாள் மலைமேல் மகனோடு தங்க வந்தபின் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்தார். அப்பளம் இடத் துணைக்கு வரும்படி அவர் மகனை அழைத்தபோதுதான் ரமணர் அப்பளப் பாட்டை இயற்றினார் என்பது எங்கள் தெருவில் எல்லாரும் அறிந்த செய்தி. 1922-ஆம் ஆண்டு அழகம்மாள் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகனும் அதே ஆண்டில் கீழே இறங்கிவந்து அவ்விடத்திலேயே தங்கினார். எங்கள் விசுவாசம் வேறு, அவர்கள் வழி வேறு. ஆயினும் தாயின் கைப்பக்குவத்தை நினைத்திருப்பது எல்லா மனிதருக்கும் பொதுவானது.

என் தாயார் நாசரேத்துப் பக்கத்திலிருந்து இவ்வூருக்கு மருமகளாக வந்தவர். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் அவரோடு வந்தன. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவுக்கு நினைவு வருவது கேக்குதான். மின்னடுப்பு இல்லாத நாட்களில் அகன்ற இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பிச் சூடேற்றி, அதன்மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, மூடியின்மேல் தணல் அள்ளிப் போடுவார். மணல் சூட்டை மெதுவாக வாங்கி, எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் கொடுக்கும். மாவு மேலெழும்பி உறைவதற்குமுன் மூடியைத் திறந்தால் நடுவில் குழி விழுந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் பிள்ளைகள் எவரும் அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது.

நாம் பண்டிகைக்கு வெட்டும் இந்தக் கேக்கு அயல்நாட்டிலிருந்து வந்ததாயினும், நம் மண்ணில் கையில் இருந்ததைக் கொண்டே அது வேரூன்றியது. 1883-ஆம் ஆண்டு தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கு ஒன்றைக் காட்டி, அதைப்போல் செய்து தரும்படி மாம்பள்ளி பாப்புவிடம் கேட்டார். பிஸ்கட் செய்து பழகியிருந்த பாப்பு, பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழத்தையும் வாழைப்பழத்தையும் கொண்டு உள்ளூரில் வடித்ததைச் சேர்த்து அந்தக் கேக்கைச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. இல்லாததை எண்ணி நில்லாமல் இருப்பதைக் கொண்டு செய்வதே வீட்டு அடுப்பின் ஞானம்.

என் தாயார் மறைந்தபின் ஒரு நாள் என் மனைவி அலமாரியைத் திறந்தபோது அதில் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. உலர்ந்த திராட்சை, நறுக்கிய பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி யாவும் தேனில் ஊறிக்கொண்டிருந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் தம் கையால் அம்மா ஊறப்போட்டிருந்தார். நாள்தோறும் ஈரமில்லாத மரக்கரண்டியால் அதைக் கிளறிவிடுவது அவர் வழக்கம். கிளறும் கை போய்விட்டது, ஜாடி இருக்கிறது. அதை எடுத்துக் கொட்டவும் எங்களுக்கு மனமில்லை, அப்படியே வைத்திருக்கவும் துணிவில்லை.

கேக்கு செய்யலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது என் சித்தி கலங்கிவிட்டார். "அக்கா போய் ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள இந்த வீட்டுல பலகார வாசனை வரலாமா? ஊர் என்ன சொல்லும்? அதைவிட, என் மனசு என்ன சொல்லும்?" என்றார். சித்தி சொன்னதில் நியாயம் இருந்தது. போதகன் என்ற முறையில் ஒரு வசனத்தைச் சொல்லி அவருடைய கண்ணீரை அடக்கிவிட எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே மௌனமாயிருந்தேன்.

என் மனைவி அம்மாவின் சமையல் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். முதல் பக்கத்தில் கேக்கின் அளவு எழுதியிருந்தது: மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், முட்டை 5. கடைசிப் பக்கங்களில் ஆண்டுவாரியாக, கேக்கு அனுப்ப வேண்டிய வீடுகளின் பட்டியல் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சில பெயர்களுக்கு எதிரே ஒரு சிறு சிலுவைக்குறி. அந்தக் குறிக்கு என்ன பொருள் என்று என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டில் மரணம் நேர்ந்த வீடுகள் அவை. மற்ற வீடுகளுக்குக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கேக்கு போகும். குறியிட்ட வீடுகளுக்கு அதற்கும் முன்னதாகவே, அம்மாவே நேரில் கொண்டுபோவார்.

"சித்தி, இந்த வருஷம் நம்ம சபையில இன்னும் ரெண்டு வீட்டுல துக்கம். அத்தை இருந்திருந்தா முதல்ல அங்கதானே போயிருப்பாங்க? இப்ப யார் கொண்டுபோறது?" என்று என் மனைவி கேட்டார். சித்தி நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எண்ணெய்ச் சட்டி வேண்டாம். கேக்கு மட்டும் செய்யுங்க. ஆனா முதல் கேக்கை நம்ம வீட்டுல வெட்டக் கூடாது" என்றார்.

அப்படியே செய்தோம். சர்க்கரையைக் கருக்கும் வேலையைச் சித்தியே எடுத்துக்கொண்டார். பொன்னிறம் தாண்டிக் காப்பி நிறத்திற்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கசந்துவிடும். கிராம்பும் ஜாதிக்காயும் சுக்கும் சேர்ந்த மணம் வீடு முழுவதும் பரவியபோது எவரும் பேசவில்லை. அடக்க ஆராதனையன்று கல்லாய் நின்றிருந்த சித்தி, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் மனைவியை இழந்த முதியவர் ஒருவரின் வீட்டுக்கு முதல் கேக்கைக் கொண்டுபோனோம். "உங்க வீட்டுலயும் துக்கமாச்சே ஐயா" என்றார் அவர். கத்தியை எடுத்துவந்து அவரே அதை வெட்டி, முதல் துண்டை என்னிடம் நீட்டினார். சித்தியின் நிபந்தனையும் மீறப்படவில்லை. நாங்களும் பசியோடு திரும்பவில்லை.

பிரியமானவர்களே, சாறிபாத் ஊர் விதவையை இந்த வெளிச்சத்தில் மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அவள் கணவனை இழந்தவள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு, மகனோடு உண்டு, அத்தோடு மரிப்பதே அவள் எண்ணம். அவளிடம் எலியா, முதலாவது தனக்கு ஒரு சிறிய அடை செய்து கொண்டுவரும்படி கேட்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது இரக்கமற்ற வேண்டுகோள். ஆனால் அந்த வேண்டுகோள்தான் சாவுக்காகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த கைகளை வேறொருவருக்காக மாவு பிசைய வைத்தது.

இந்தப் பகுதியில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவளுடைய பானை நிரம்பிவழிந்ததாக எழுதப்படவில்லை. மா செலவழிந்துபோகவில்லை என்றே எழுதப்பட்டிருக்கிறது. துயரத்தில் இருக்கிறவர்களுக்குத் தேவன் ஒரு வருடத்திற்கான பெலனை மொத்தமாகத் தருவதில்லை. அன்றன்றைக்கு ஒரு பிடி தருகிறார். இரண்டாவது, அடை சுட்டுக் கொடுத்ததினால் மரணம் அந்த வீட்டை விட்டு விலகிவிடவில்லை. அதே அதிகாரத்தில் அவளுடைய மகன் நோயுற்று மரிக்கிறான். கொடுக்கிறவர்களுக்குத் துன்பமே வராது என்று வேதம் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் அந்த நாளில் அவள் தனியாய் இருக்கவில்லை. அவள் கையால் உண்டவர் அவள் வீட்டிலேயே இருந்தார், அவளுக்காகத் தேவனை நோக்கிக் கதறினார், கர்த்தர் மகனைத் திரும்பத் தந்தார். மூன்றாவது, அவள் இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்லள், சீதோன் நாட்டவள். பஞ்ச காலத்தில் தேவனுடைய தீர்க்கதரிசியைப் போஷித்தது அயலாளின் கை. சென்ற ஆண்டு கார்த்திகை தீபத்தின்போது எங்கள் துக்க வீட்டுக்குப் பொரி உருண்டை கொண்டுவந்து, வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே வந்து அமர்ந்து, அம்மாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போன எதிர்வீட்டு அம்மாளை நான் இந்த வசனங்களில்தான் காண்கிறேன்.

ஆகவே துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு என் பதில் இது. செய்ய மனமில்லையெனில் செய்யாதிருங்கள். அது பாவமல்ல, அவிசுவாசமும் அல்ல. பிறர் கொண்டுவருவதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். செய்ய மனமிருந்தால் ஊருக்கு அஞ்சாமல் செய்யுங்கள். ஆனால் வீட்டிலுள்ள மூத்தோரின் கண்ணீரைக் கேட்டபின் செய்யுங்கள். கொண்டாட்டத்தை நிறுத்திவைக்கலாம். கொடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லும் துக்கம் எதுவும் இல்லை.

மகிழ்ச்சியோடு பண்டிகைக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வாரம் உங்கள் பட்டியலை எழுதுங்கள். இந்த ஆண்டில் துக்கம் நேர்ந்த வீடுகளுக்கு எதிரே ஒரு சிறு குறி இடுங்கள். அந்த வீடுகளுக்குப் பிள்ளைகளிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பாமல் நீங்களே போங்கள். சர்க்கரை நோயுள்ளவர் வீடாயிருந்தால் பழமாக எடுத்துச் செல்லுங்கள். போனவுடன் திரும்பிவிடாமல் சற்று நேரம் அமர்ந்து, மறைந்துபோனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பெயரைப் பிறர் வாயால் கேட்பதற்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஜெபம்: எங்களைப் போஷிக்கிற பரம பிதாவே, எங்கள் பானையில் இருக்கும் ஒரு பிடிக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். துயரத்தால் ஓய்ந்துபோன கைகளுக்கு இன்றைக்கு வேண்டிய பெலனைத் தாரும். மகிழ்ச்சியாயிருக்கும் வீடுகளின் கதவுகளைத் துக்க வீடுகளை நோக்கித் திறந்தருளும். எங்களுக்கு முன்னே உம்மிடம் வந்து சேர்ந்த தாய்மாருக்காகவும், அவர்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தவைகளுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.