ராத்தாவின் மூன்று வாரங்கள்

எனது சாதாரண தரப் பெறுபேறு வந்திருந்த நேரம். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "ராத்தா படிச்சதக் கண்டதுதானே மகள், நீயும் அதையா படிக்கப் போற?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ராத்தா உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் பட்டதாரி. அந்த வாரந்தான் பச்சை இல்லங்களில் மரக்கறி பயிரிடும் ஒரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்திருந்தார். அங்கே, "இது விவசாயப் பட்டமா, உயிரியல் பட்டமா?" என்று முதலில் கேட்டார்களாம். அடுத்து, சொட்டு நீர்ப்பாசனத்தைத் தானாக இயக்கும் கருவி பழுதானால் திருத்தத் தெரியுமா என்று கேட்டார்களாம். அதன் வரைபடத்தைப் பரீட்சையில் கீறிப் புள்ளி பெற்றவர் ராத்தா. ஆனால் கருவியைக் கையால் தொட்டதில்லை. வேலை கிடைக்கவில்லை.

இரண்டு நாள் பேசாமலிருந்த ராத்தா, மூன்றாம் நாள் ஓர் அர்டுயினோ பலகை, மண்ணின் ஈரத்தை அறியும் உணரி, ரிலே, சிறிய பம்பி ஆகியவற்றை வாங்கி வந்தார். உம்மாவின் கொச்சிக்காய்ச் செடிகள்தாம் அவரது ஆய்வுகூடம். இரண்டு தடவை வயர் மாறிக் கொடுத்து, ஒரு பம்பியும் எரிந்தது. மூன்று வாரத்தின் பின், மண் காய்ந்ததும் பம்பி தானாக ஓடியது. ஈரம் போதுமானதும் நின்றது.

"இதைக் கெம்பஸிலேயே சொல்லித் தந்திருக்கலாமே?" என்றேன். "அங்கே படித்ததால்தான் மூன்று வாரத்தில் முடிந்தது. மண், நீர், வேர் பற்றித் தெரியாவிட்டால் எத்தனை வீத ஈரத்தில் பம்பியை நிறுத்துவது என்று எப்படித் தெரியும்?" என்றார் ராத்தா.

அந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. கோட்பாட்டைக் குறைக்கும்படி யாரும் கேட்கவில்லை. நான்கு வருடப் படிப்புக்குள் அந்த மூன்று வாரத்துக்கு ஓர் இடம் வேண்டும் என்பதே எனது ஆதங்கம்.

தொழில்நுட்பப் பிரிவுக்கான முதலாவது உயர்தரப் பரீட்சை 2015இல் நடைபெற்றது. மருத்துவம், பொறியியல் போன்று எல்லோரும் அறிந்த பட்டமாக இது மாற இன்னும் காலம் எடுக்கும். அதனாலேயே பாடவிதானத்தை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். முதலாம் வருடத்தில் படித்த கருவி, பட்டம் பெறும்போது பழையதாகிவிடலாம். பாடவிதானம் வரையும் மேசையில் வேலை கொடுப்போரும் அமர வேண்டும். தொழிற்பயிற்சி படிப்பின் கடைசியில் மட்டும் வந்தால், அங்கே கண்ட குறையை நிரப்ப நேரமிருக்காது. இரண்டாம் வருடத்திலேயே ஒரு பகுதி வர வேண்டும். வேலை விளம்பரங்களிலும் இப்பட்டங்களின் பெயர் இடம்பெற வேண்டும்.

ராத்தா இப்போது வேறொரு நிறுவனத்தில் வேலை செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வாப்பா எனது விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அவருடைய பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் சுபஹு தொழுதுவிட்டு வந்ததும் கொச்சிக்காய்ச் செடியடியில் நின்று, பம்பி ஓடுகிறதா என்று பார்க்க அவர் மறப்பதில்லை.