ஒரு துடிப்பு அவகாசம்

தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய நாம் யந்திர விஷயம் பேசப் புகுந்தது கண்டு அன்பர்கள் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். நமக்கு இளமை தொட்டே பேச்சுத் திக்கும் என்பதை நம் வகுப்பினர் அறிவர். இக்கட்டுரைக்கு மூலகாரணமும் அதுவே.

சென்ற ஆண்டு வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நம்மை ஒரு செய்யுளின் துறை யாதென வினவினார். விடை நம் நெஞ்சில் இருந்தது, நாவில் வரவில்லை. ‘சற்றுப் பொறுங்கள்’ என்று சொல்லவாவது முயன்றோம். அதன் முதலெழுத்திலேயே நா நின்றுவிட்டது. அவர் நாம் அறியோமென்று கொண்டு அடுத்த வினாவிற்குச் சென்றார்.

அன்றிரவு, விடுதியில் நம்முடன் ஓரறையில் வசிக்கும் பௌதிக மாணாக்கர், தாம் பலகையிற் பொருத்தியிருந்த இஸட்-80 என்னும் பழைய கணிப்பொறிச் செயலியின் காலப்படத்தை நம்முன் விரித்தார். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்து ஸைலாக் கம்பெனியார் வெளியிட்ட சில்லு அது. 2024-ஆம் ஆண்டிலேதான் அதற்குப் புதிய ஆர்டர்கள் ஏற்பது நிறுத்தப்பட்டது. அதன் முதல் வகை விநாடிக்கு 25 லட்சம் முறை துடிப்பது. விநாடியைக் கோடி கூறாக்கினால் அவற்றுள் நான்கு கூறே ஒரு துடிப்பின் அளவு.

செயலியையும் பிற சில்லுகளையும் இணைக்கும் பொதுக் கம்பித் தொகுதியைப் பஸ் என்பர். (நாம் ஊருக்குப் போகும் பஸ் அன்று.) நினைவகத்திலிருந்து ஒரு செய்தியைப் படிக்கச் செயலிக்கு 3 துடிப்புகள் வேண்டும். மெல்ல இயங்கும் சில்லு எதுவாயினும், ‘வெயிட்’ என்னும் கம்பியின் மின்னழுத்தத்தைத் தாழ்த்திவிட்டால், செயலி துடிப்புக்கொரு முறை அக்கம்பியை நோக்கியவாறு அங்ஙனே நிற்கும்.

விசைப்பலகை போன்ற வெளிக்கருவிகளின் வாயில்களிலோ ஓரிடர் உண்டு. அழைப்பு எழுந்ததற்கும் செயலி அக்கம்பியை நோக்குவதற்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது. கருவியானது அழைக்கப்பட்டது தானே என முகவரியைக் கண்டுணர்ந்து, அதன்பின்னரே கம்பியைத் தாழ்த்த வேண்டும். அதற்குள் பொழுது கடந்துவிடும். பொறுக்கும்படி வேண்டுதற்கே பொழுதில்லை! ஆதலின் அச்சில்லை வகுத்தோர், வெளிக்கருவியை அழைக்கும்போதெல்லாம், எவரும் கேளாமலே ஒரு துடிப்பைக் கூட்டி 4 ஆக்கினர். விரைந்து விடையளிக்கும் கருவிக்கும் அத்துடிப்பு உண்டு.

இதைக் கேட்டு நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம்.

நண்பர் காத்திருத்தலின் மறுபுறத்தையும் காட்டினார். அக்காலத்து நினைவகச் சில்லுகள் பலவற்றில் மின்னேற்றம் கசிந்துபோகுமாம். 2 மில்லி செகண்டுக்குள் அனைத்தையும் புதுப்பித்தாக வேண்டும். அப்பணிக்குத் துணைபுரிவதும் இச்செயலியே. அது காத்து நிற்குங்கால் புதுப்பித்தல் நடவாது. ஒருநாள் நண்பரது பலகையில் வெயிட் கம்பி பழுதுற்றுத் தாழ்ந்தபடியே நிற்க, அவர் மாலை முழுதும் எழுதிவைத்த நிரல் அழிந்தது. தேர்வறைக்கு வெளியே அன்று தம் முறை நோக்கி நின்றவர்களை நினைத்துக்கொண்டோம்; தேர்வாளர்மீது நமக்கிருந்த சினம் சிறிது குறைந்தது, முற்றும் தீரவில்லை.

வரும் பங்குனியில் மீண்டும் வாய்மொழித் தேர்வு. வினாத் தொடங்குமுன்னரே ஒரு சீட்டெழுதித் தேர்வாளர் கையில் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. இரக்கம் வேண்டுவதுபோல் தொனியாமல் அதனை எழுதுவது எங்ஙனம் என்றுதான் இன்னும் தெரியவில்லை.