மாற்றுவதா, மீள அமைப்பதா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களைப் பொறுத்தவரை அத்தடை 2025 தொடக்கம் வரை நீடித்தது. அவ்வாண்டுகளில் இருப்பதைப் பேணுதலே பலருக்கும் வழியாயிற்று. வாடகைக்கு ஓடும் பழைய காரொன்றின் தன்னியக்கக் கியர்ப்பெட்டி வழுக்கத் தொடங்குமாயின், அது ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தியாகும். கழற்றி மீள அமைப்பதா, பாவித்த வேறொன்றைப் பூட்டுவதா?

விடை கூறுமுன் ஒயிலைப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் செந்நிறமான அது கறுத்துக் கருகல் மணம் வீசுமாயின், உள்ளேயுள்ள உராய்வுத் தட்டுகள் எரிந்துள்ளன என ஐயுறலாம். அளவு குறைந்திருப்பதே காரணமாயின், கசிவை அடைத்து ஒயிலை நிரப்புவதே போதுமானதாகலாம்.

பாவித்த பெட்டி விரைவிற் பூட்டப்படும். செலவும் பெரும்பாலும் குறைவு. ஆயின் அதன் முன்னைய வாழ்வை வாங்குபவர் அறியார். தலைவலி போய்த் திருகுவலி வருதலும் உண்டு. மீள அமைத்தலோ நாட்களைக் கொள்ளும், கைதேர்ந்தவரையும் வேண்டும். எனினும் தேய்ந்தது எது, ஏன் தேய்ந்தது என்பதைக் கண்ணாற் காணலாம்.

எவ்வழி செல்லினும் ஒன்றை மறத்தலாகாது. பழுதடைந்த பெட்டியின் துகள்கள் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய்களிலே தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாது விட்டால், அடுத்த பெட்டியும் அதே நோய்க்கு ஆளாகும். கெட்ட பொருளை அகற்றுதல் எளிது; கெடுத்த காரணத்தை அகற்றுவோரே பணத்தையும் பிழைப்பையும் காப்பர்.