அம்மன் புடவைப் பெட்டிக்குள் இருந்த கடிதம்



போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, நாங்க தொண்டர்கள் ஆறு பேர் பின்னால பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். அப்போ ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, அந்த ஹைவே பிரச்சினை நடந்தப்போ நம்ம கோயில் என்ன செஞ்சது?" எங்கள்ல ஒருத்தரும் வாய் திறக்கல. அன்னைக்குச் சொல்லாத பதிலை இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

அவன் கேட்டது பிஜேடி லிங்க் பத்தி. பெட்டாலிங் ஜெயா வழியா 34.3 கிலோமீட்டருக்குத் தூண் மேல போக இருந்த டோல் சாலை. 2022-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதுக்கு முன்னாடியே கிடெக்ஸ்னு ஒரு சாலைத் திட்டம் வந்து, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2015-ல் கைவிடப்பட்டது. அதே கதைதான் வேற பேர்ல திரும்பி வருதுன்னு பல பேர் சொன்னாங்க.

அந்த ரெண்டு வருஷமும் நம்ம மண்டபத்துல நடந்த பேச்சு உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அன்னதானத்துக்குக் காய் வெட்டுற இடத்துலயே ரெண்டு கட்சி ஆயிடுச்சு.

வேணும்னு சொன்னவங்க பேச்சுலயும் நியாயம் இருந்துச்சு. பூச்சோங் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போற பிள்ளைங்க தினமும் ஜாம்ல கிடக்கிறாங்க. "மோட்டருக்கு டோல் கிடையாது, நமக்கு என்ன நஷ்டம்? அரை மணி முன்னாடி வீட்டுக்கு வந்தா பிள்ளை முகத்தையாவது பாக்கலாம்"னு ஒரு தம்பி சொன்னான். அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

வேண்டாம்னு சொன்னவங்களுக்கும் காரணம் இருந்துச்சு. பிளாட்டுல மூணாவது மாடியில இருக்கிற ஒரு அக்காவோட பேரனுக்கு இழுப்பு நோய். "ஜன்னலுக்கு நேரா லோரி ஓடினா நாங்க எங்க போய் மூச்சு விடுறது?"ன்னு கேட்டாங்க. எல்டிபி 1999-ல் திறந்தாங்க, என்பிஇ 2004-ல் திறந்தாங்க. ஒவ்வொரு தடவையும் ஜாம் குறையும்னுதான் சொன்னாங்க, குறைஞ்சுதான்னு ஒரு பெரியவர் கேட்டார். இன்னொருத்தர், தேர் போற வழியில தூண் வந்தா தேர் எப்படித் திரும்பும்னு கவலைப்பட்டார்.

அப்போ வேண்டாம்னு சொல்றவங்க கையெழுத்துத் தாள் ஒண்ணு கொண்டு வந்து கொடுத்தாங்க. நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? "கோயிலுக்கு எதுக்குங்க அரசியல், ரெண்டு பக்கமும் நம்ம பக்தர்கள்தானே"ன்னு சொல்லி, அர்ச்சனை டிக்கெட் கவுண்டருக்கு அடியில வெச்சிட்டோம். அது அங்கேயே இருந்துச்சு. வேணும்னு சொன்ன தம்பியோட கருத்தும் எங்கேயும் போய்ச் சேரல.

இதுல எங்களுக்குத்தான் அதிக வெட்கம். ஏன்னா இந்தத் தப்பை நாம ஏற்கனவே ஒரு தடவை செஞ்சிருக்கோம்.

இப்போ இருக்கிற இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நம்ம அம்மன் எங்க இருந்தான்னு இளைய பிள்ளைங்களுக்குத் தெரியாது. பழைய தோட்டத்து ஓரம், மரத்தடி, தகரக் கூரை. அப்போ ஒரு சாலை வந்தது. எந்தச் சாலை, யார் போட்டதுன்னு இப்போ பேச வேண்டாம். முன்கூட்டியே மலாய்ல ஒரு கடிதம் வந்திருந்தது. ஆட்சேபம் இருந்தா இத்தனாம் தேதிக்குள்ள எழுதிக் கொடுங்கன்னு அதுல போட்டிருந்தது. அதை வாங்கினவர் ஏதோ சாதாரணக் கடிதம்னு நினைச்சு, பத்திரமா இருக்கட்டும்னு அம்மன் புடவைப் பெட்டிக்குள்ள வெச்சிட்டார். அடுத்த திருவிழாவுக்குப் புடவை எடுக்கும்போதுதான் கடிதம் வெளிய வந்தது. தேதி முடிஞ்சு நாலு மாசம் ஆயிருந்தது. நிலத்துக்கு நம்மகிட்ட கெரானும் இல்ல.

பாலாலயம் செஞ்சு, அம்மனை லோரியில ஏத்தினோம். தார்ப்பாய் கட்டும்போது எங்க அம்மாமார்கள் அழுத சத்தம் இன்னும் காதுல இருக்கு. கடிதத்தை வெச்சவரை யாரும் திட்டல. ஆனா அவர் அதுக்கப்புறம் நிர்வாகக் கூட்டத்துக்கு வரவே இல்ல. கடைசி வரைக்கும் வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுவார்.

பிஜேடி லிங்க் 2024-ல் ரத்தாயிடுச்சுன்னு மந்திரி பெசார் அறிவிச்சப்போ, நம்ம மண்டபத்துல சில பேர் கற்பூரம் ஏத்தினாங்க, சில பேர் பெருமூச்சு விட்டாங்க. "அம்மாதான் காப்பாத்தினா"ன்னு நாங்களும் சொன்னோம். அம்மா காப்பாத்தினது உண்மையா இருக்கட்டும். ஆனா கூட்டத்துக்குப் போய் உக்காந்தவங்க, மனு எழுதினவங்க, சமூகத் தாக்க மதிப்பீட்டுல என்ன இருக்குன்னு கேட்டவங்க வேற மனுஷங்க. நாம சும்மா இருந்து தப்பிச்சோம்.

கோயில் ஒரு பக்கம் சாயக்கூடாதுன்னுதான் நாங்க இப்பவும் நினைக்கிறோம். ஆனா சாயாம இருக்கிறது வேற, வாயை மூடிக்கிறது வேற. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ரஞ்சாங்கான் தெம்பாத்தான் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது யார் வேணும்னாலும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். பெரிய பங்களாக்காரங்களுக்கு மட்டும் உள்ள உரிமை இல்ல அது. பிளாட்டுல இருக்கிற அக்காவுக்கும் உண்டு. ஜாம் குறைய வழி செய்யுங்கன்னு கேட்க அந்தத் தம்பிக்கும் உண்டு.

அதனால ரெண்டு விஷயம் கேட்டுக்கிறோம். வர்ற ஞாயிற்றுக்கிழமை உச்சிகால பூஜைக்கு அப்புறம் மண்டபத்துல உக்காந்து, கோயில் பெட்டி, அலமாரி எல்லாத்தையும் திறந்து, இருக்கிற கடிதம், ரசீது, நிலப் பத்திர நகல் எல்லாத்தையும் அடுக்கப் போறோம். வீட்டுல பழைய கோயில் காகிதம், படம் வெச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க. அடுத்து, மலாய் நல்லா படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு பேர் வேணும். இனிமே கோயிலுக்கு வர்ற ஒவ்வொரு கடிதத்தையும் அவங்க படிச்சு, அறிவிப்புப் பலகையில தமிழ்ல எழுதிப் போடணும்.

கேள்வி கேட்ட தம்பி முதல் ஆளா பேர் கொடுத்துட்டான். இன்னும் ஒருத்தர் வேணும்.

அன்னைக்குச் சாப்பாடு உண்டு. குடும்பத்தோட வாங்க.

அம்மன் துணை.