அப்பாயியின் அண்டா

அப்பாயி நெல் அவிக்கும் நாளில் எங்கள் வீட்டில் விடிவதற்கு முன்பே எல்லாரும் எழுந்துவிடுவோம். முந்தின நாளே தொட்டியில் நெல்லை ஊறப் போட்டிருப்பாள். கோழி கூவும் நேரத்துக்குக் கொல்லைக் கோட்டையடுப்பில் அண்டா ஏறும். அடியில் ஒரு சாண் தண்ணீர், மேலே ஊறிய நெல், வாயை மூட நனைத்த சாக்கு. அடுப்புக்குக் கருவை விறகும் பதரும். சாக்கைப் பிளந்துகொண்டு ஆவி கிளம்பும்போது ஒரு வாசனை வரும். ஈர வைக்கோலும் வெந்த மண்ணும் கலந்தது போல. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

அப்பாயி ஒரு பிடி நெல்லை அள்ளி, ஊதி ஊதிப் பார்ப்பாள். உமி லேசாக வாய் பிளந்திருக்க வேண்டும். "வாயத் தொறந்துடுச்சுடா தம்பி, எறக்கு" என்று அப்பாவைக் கூப்பிடுவாள். களத்தில் கொட்டி, காலால் வரி வரியாகக் கிளறிவிடுவது எங்கள் வேலை. ஒரேயடியாக உச்சி வெயிலில் காயவிட மாட்டாள். அப்படிக் காய்ந்த நெல் மில்லில் நொய்யாகப் போய்விடும். பாதி காய்ந்ததும் குவித்து மூடி, ஆறவிட்டு, மறுபடி விரிப்பாள். கடைசியில் ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பதம் தெரியும்.

ஏன் இத்தனை பாடு என்று கேட்டால், "அவிச்சாத்தான் அரிசி ஒடையாது, சோறு வயித்துல நிக்கும்" என்பாள். அவள் அறிந்த காரணம் அவ்வளவுதான். அந்த அண்டாவுக்குள் நடந்த இன்னொரு காரியம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நெல்லின் வைட்டமின்களில் பெரும்பகுதி தவிட்டில் இருக்கிறது. வைட்டமின் பி1 என்னும் தயாமினும் அங்கேதான். பச்சை நெல்லை அரைத்துத் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தண்ணீரில் கரையும் அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதற்குப் பிறகு மில்லில் தவிடு போனாலும் சத்தில் நல்ல பங்கு அரிசியிலேயே தங்கிவிடும். ஒரு ஆளுக்குத் தயாமின் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும்; விரல் நுனியில் வைத்தால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. ஆனால் சோற்றின் மாவுச்சத்தை உடம்பு தெம்பாக மாற்ற அது வேண்டும். உடம்பில் அதற்குப் பெரிய சேமிப்பும் கிடையாது. சில வாரங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் ஓய்ந்துபோகும். பெரிபெரி என்று அதற்குப் பெயர்.

எங்கள் தாத்தாவின் அண்ணன் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். அதனால் அந்த நாட்டுச் செய்தி எதைப் படித்தாலும் நின்று படிப்பேன். 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் சீனத் தொழிலாளிகள் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். பக்கத்திலேயே உழைத்த தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் எழுதிய நூலில் அரிசியைத்தான் காரணம் காட்டினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃப்ளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கத்தில் நோயும் சாவும் வந்தன. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கங்காணி பிடித்துக்கொண்டுபோன கூட்டத்தில் ஒருவராய் இருந்த அந்தப் பெரிய தாத்தாவின் உயிரைக் காத்த பொருள்களில் எங்கோ ஒரு கிழவி வைத்த அண்டாவும் உண்டு என்று தோன்றியது.

எங்கள் ஊர் இருந்த அதே சென்னை மாகாணத்தில், வடக்கே ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பச்சரிசி தின்றவர்களிடையே பெரிபெரி நிலைத்திருந்தது. அந்தக் கரையிலுள்ள நெல்லூரில் 1886-இல் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ்தான், பின்னாளில் அமெரிக்காவில், 1936-இல் தயாமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியவர். குன்னூரில் 1918-இல் ஒரே அறையில் பெரிபெரி ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியதுதான் இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

அந்தக் குன்னூரிலிருந்தே எங்கள் பெருமைக்கு ஒரு அடியும் விழுந்தது. மெக்காரிசன் என்ற ஆய்வாளர் அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாகத் தேறின. மதராஸ் அரிசிச் சாப்பாடு தின்றவை கடைசியில் நின்றன. இதை மறைத்துவிட்டுப் புழுங்கலரிசியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அரிசி மட்டும் நிறைந்த தட்டு, அது எந்த அரிசியானாலும், ஏழைத் தட்டுதான். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ அதில் இல்லை, எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பும் போதாது. அப்பாயிக்கு இதுவும் ஒரு வகையில் தெரிந்திருந்தது. முருங்கைக்கீரை இல்லாத வாரம் எங்கள் வீட்டில் கிடையாது. கீரைச் சோற்றுக்கு எலுமிச்சை ஊறுகாய் கட்டாயம் வைப்பாள். எலுமிச்சையின் புளிப்பு கீரையின் இரும்பை உடம்பு ஏற்க உதவுகிறது என்று பின்னால் படித்தேன்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும். பட்டணத்திலிருந்து அப்பாவின் நண்பர்கள் வந்திருந்தார்கள். பழுப்பேறிய எங்கள் சோற்றை அவர்கள் இலையில் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. கடையில் வெள்ளை அரிசி வாங்கி வரவா என்று கேட்டேன். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சோற்றை வடித்த கஞ்சியில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டு, செம்பில் ஊற்றி என் கையில் கொடுத்து, "இத முதல்ல குடு" என்றாள். வந்தவர்கள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

வடிக்கும்போது தயாமினில் ஒரு பகுதி அந்தக் கஞ்சியில்தான் இறங்குகிறது. இன்று நகரத்து அடுக்களைகளில் அது நேரே தொட்டிக் குழாயில் போகிறது. பளபளக்கத் தீட்டிய அரிசியை மூன்று தண்ணீர் அலசி, வடித்து, கஞ்சியைக் கொட்டிவிட்டு, பிறகு மாத்திரை வாங்கப் போகிறோம். எனக்கு இதில் கோபமே வருகிறது.

அப்பாயி போன பிறகு நெல் அவிப்பது நின்றது. இப்போது நானும் கடையில்தான் வாங்குகிறேன். சாக்கைப் பிரித்து, குறைவாகத் தீட்டிய புழுங்கல் எது என்று கேட்பேன். கடைக்காரர் தரும் மணியைக் கடைவாயில் வைத்துக் கடித்துப் பார்ப்பேன். போன மாதம் என் மகள் கூட வந்திருந்தாள். எதற்கப்பா கடிக்கிறீங்க என்றாள். அவளுக்கும் ஒரு மணியைக் கொடுத்தேன்.