கொக்கிளாய்க் கரையின் கருமணல்

கொக்கிளாய்க் கரையின் கருமணல் இரும்பு கலந்த தாது. ஆனால் இரும்புக்காக அதை யாரும் அள்ளுவதில்லை. அதன் முதன்மைக் கனியமான இல்மனைட் இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தது. விலை கிடைப்பது டைட்டேனியத்துக்கு. பெயின்ட், பிளாஸ்டிக், கடதாசி ஆகியவற்றுக்கு வெண்மை தரும் தூள் அதிலிருந்துதான் வருகிறது. கூடவே வரும் இரும்பு பக்கவிளைபொருளாகவோ கழிவாகவோதான் போகிறது.

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கொக்கிளாய்க் களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கே கொக்கிளாய் இருக்கிறது. தெற்கே திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. மாவட்ட எல்லை மணலுக்குத் தெரியாது. முகத்துவாரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு நீளும் புல்மோட்டைப் படிவு, உலகின் செறிவான கடற்கரைக் கனியப் படிவுகளில் ஒன்று. அதன் கனமணலில் நூற்றுக்கு 70 அளவு இல்மனைட். மிச்சத்தில் உரூட்டைலும் சேர்க்கோனும் முக்கியமானவை. மொனசைட்டும் கார்னெட்டும் சிறிதளவு.

இந்த மணலின் பிறப்பிடம் மலை. நடு இலங்கையின் பழம்பாறைகள் மழையிலும் வெயிலிலும் உக்கி, ஆறுகளில் இறங்கிக் கடல் சேர்ந்தன. கரையோர நீரோட்டம் அவற்றை இழுத்துவந்து இங்கே படியவிட்டது. அதே மலைநாட்டின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், கி.பி. முதல் ஆயிரமாண்டின் பிற்பகுதியில் கொல்லர்கள் இரும்பு உருக்கினார்கள். மேற்கு நோக்கிய முகடுகளில் உலை கட்டி, துருத்தி இல்லாமல், தென்மேற்குச் சோளகக் காற்றையே ஊதவிட்டார்கள். ஆய்வாளர் கில் ஜூலெஃப் அவ்வுலைகளை மீளக் கட்டி எரித்துப் பார்த்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். அங்கே சோளகம் உலை ஊதியதுபோல இங்கே வடகிழக்கு வாடை மணலைப் பிரிக்கிறது. மாரியில் வாடைக்கடல் கரையை அறுத்து, இலேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு, கனத்த கருமணலை விட்டுப்போகிறது. அள்ளிய இடத்தை அடுத்த வாடை ஓரளவு நிரப்பிவிடும் என்பதால்தான் இத்தனை ஆண்டுகள் ஒரே கரையில் அகழ முடிந்திருக்கிறது.

வாடை ஓய்ந்த கையோடு கரையில் நடப்பவர் கண்ணுக்கு இது தெளிவாகவே தெரியும். அலை எட்டும் மேல்வரம்பில் மை பூசியதுபோல் கருங்கோடுகள். இடையிடையே கார்னெட் சேர்ந்த இடங்களில் சிவப்பு ஓடும். ஒரு சிரட்டையில் மணலும் தண்ணீரும் எடுத்துச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் வெண்பருக்கை முதலில் வழிந்துவிடும், கருமை அடியில் தங்கும். வெண்மணலான குவாட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுடையது 4.7 அளவு என்பதே காரணம். உலர்ந்த மணலருகே சாதாரணக் காந்தத்தைப் பிடித்தால் மக்னடைட் என்ற இரும்புத்தாதுத் துகள்கள் மயிர்போல எழுந்து ஒட்டும், இல்மனைட் அசையாது. அதற்கு வலிய காந்தம் வேண்டும்.

புல்மோட்டைக் கனிய மணல் ஆலையின் தொழிலும் இதே அறிவுதான், பெரிய அளவில். மணலை நீரோடு சுருள் வாய்க்கால்களில் விட்டுக் கனத்ததைப் பிரிப்பார்கள். பிறகு உலர்த்தி, வலிய காந்த உருளைகளால் இல்மனைட்டை இழுத்தெடுப்பார்கள். எஞ்சுவதில் உரூட்டைல் மின்னைக் கடத்தும், சேர்க்கோன் கடத்தாது. உயர் மின்னழுத்த உருளையில் ஒன்று தெறித்து விழ, மற்றது ஒட்டிக்கொண்டு வரும். கேட்கச் சுலபம். உலர்த்திகளின் வெக்கையும் நுண்தூசியும்தான் அங்கே வேலை செய்பவரின் நாள். மொனசைட்டில் தோரியம் இருப்பதால் அது குவியும் இடங்களில் கதிரியக்கக் கண்காணிப்பும் தேவைப்படுகிறது.

இத்தொழிலை அரசு 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கியது. இப்போது அது லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம். புல்மோட்டையின் முஸ்லிம் குடும்பங்களுக்கும் சுற்றுவட்டத்தாருக்கும் மாதச் சம்பளம் என்ற ஒன்றைத் தந்த இடம் அது. உள்நாட்டுப் போர் எல்லாவற்றையும் குலைத்தது. 1984 டிசம்பரில் நடந்த வன்முறைகளையடுத்து கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் தமிழ் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினர். அதன்பின் ஏற்றுமதி சில காலம் முடங்கிப்போனது.

போர் 2009இல் முடிந்து மக்கள் ஊர் திரும்பியபோது, முகத்துவாரத்துக்கு வடக்கேயும் கனிய மணல் எடுக்கும் பேச்சு எழுந்தது. கொக்கிளாய் மக்கள் அதை எதிர்த்து வருகிறார்கள். இந்த எதிர்ப்பை வெறும் காணிச் சண்டை என்று தள்ளிவிடுவது தவறு. கருமணல் கிடக்கும் அதே கரைதான் கரைவலை இழுக்கும் கரை. வலைப்பாட்டுக்குச் சரிவு குழியின்றி இருக்கவேண்டும். வள்ளம் ஏற்றவும் வாடி போடவும் மேட்டுக்கரை வேண்டும். கரையின் உருவம் மாறினால் முகத்துவாரத்தின் போக்கும் மாறக்கூடும். களப்புக்குள் இறால் ஏறுவதும் இறங்குவதும் அந்த வாயைப் பொறுத்தது. 1951இலிருந்து பறவைச் சரணாலயமாக உள்ள களப்பு அது என்பதும் சேர்த்து எண்ணப்படவேண்டியது.

இல்மனைட் இன்னமும் மணலாகவே கப்பலேறுகிறது. அதிலிருந்து செய்த வெள்ளைத் தூளை இலங்கை இறக்குமதி செய்கிறது. இந்த வணிகத்துக்காக இன்னொரு கரையைத் திறப்பதற்கு முன், கொக்கிளாய்க் கரை வாடைக்கு முன்னும் பின்னும் சில பருவங்கள் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். கரைவலைப் பாடுகள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். இரண்டும் தமிழில் அச்சாகி ஊரவர் கைக்கு வரவேண்டும்.